வேர்: ஏதுமில்லை

நடு மண்டபத்தில் மாளவிகாவின் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டை அஞ்சுகம் நான்கு தடவை படித்தாள். நான்கு தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது.

ஆளில்லாப் பகல். வரைந்தவர்: மாளவிகா சேஷன். வேர்: ஏதுமில்லை.

அஞ்சுகத்துக்கு வயிறு எரிந்தது. பொறாமை நெஞ்சில் இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் யாரும் ஒழுங்காகப் பொறாமைப்பட்டதில்லை. அது வயிற்றில்தான் குடியிருக்கிறது, பசிக்குப் பக்கத்து வீட்டில்.

படம் சுவரின் முக்கால் பங்கை அடைத்திருந்தது. வெள்ளையாகக் காய்ந்த ஒரு தெரு. உச்சி தாண்டிய வெயில். தரையில் வரிசையாகக் குடங்களின் நிழல்கள், பக்கத்தில் பெண்களின் நிழல்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. இன்னொருத்தி நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தூரத்தில் எதையோ தேடுகிறாள். எல்லாம் நிழல்தான். குடமும் இல்லை, பெண்ணும் இல்லை.

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இத வெறும் படமா பாக்கக் கூடாது. இல்லாததப் பத்தின ஒரு கேள்வி இது. பெரிய தத்துவம்."

"தண்ணி லாரிக்கு நிக்கற மாதிரி இருக்குங்க" என்றார் மனைவி.

"அப்படியெல்லாம் பாக்கக் கூடாதும்மா."

அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது அஞ்சுகத்துக்கு. தண்ணீர் லாரியேதான். வியாசர்பாடியில், அவள் வீட்டுத் தெருமுனையில், பகல் ஒன்றரை மணிக்கு வரும் லாரி. அந்த நிழல்களை முதலில் தாளில் போட்டவள் அவள்தான்.

வேர்ச் சட்டம் வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. எதை மனுஷர் வரைந்தார், எதை இயந்திரம் கக்கியது, யார் யாரிடமிருந்து உருவினார் என்று ஒருவருக்கும் தெரியாமல் போன காலத்தில் கொண்டுவந்த சட்டம் அது. வரைந்தவர் தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள். படத்தை எதிரில் வைப்பார்கள். அதிலுள்ள ஒவ்வொரு கோடும் தலைக்குள் எந்த நினைவைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது என்று தொப்பி தேடி எடுக்கும். இந்தக் கோணம் இன்னாரிடமிருந்து, இந்த நீலம் இன்ன படத்திலிருந்து என்று பட்டியல் வரும். அதுதான் வேர்ச்சீட்டு. பத்து சதவீதத்துக்குக் கீழே கடன் வாங்கியவர் படம் நடு மண்டபத்துக்குப் போகும். மற்றதெல்லாம் நடைவழியில், கழிப்பறைக்குப் போகும் திசையில் மாட்டப்படும். அஞ்சுகத்தின் படம் ஒன்று அங்கேதான் தொங்கியது. நாற்பத்தொரு சதவீதம்.

மனுஷர் தலைக்குள் எட்டிப் பார்க்கக் கருவி வந்துவிட்டது. வியாசர்பாடிக்குக் குழாயில் தண்ணீர் மட்டும் இன்னும் வரவில்லை.

*

ஓவியக் கல்லூரி விடுதியில் இரண்டரை வருடம் அவளும் மாளவிகாவும் ஒரே அறை. ஒரே ஒரு மேசை. காலையில் மாளவிகா, மதியம் அஞ்சுகம் என்று பங்கு போட்டிருந்தார்கள்.

அஞ்சுகத்தின் அப்பா குப்பை லாரி ஓட்டியவர். அந்த வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். மாளவிகாவின் வீட்டில் வேலைக்காரர் தவிர எல்லோரும் பட்டதாரிகள். இருந்தாலும் இருவருக்கும் ஒத்துப்போனது. ஒரு தட்டில் சாப்பிட்டார்கள். ஒருத்தி சட்டையை இன்னொருத்தி போட்டுக்கொண்டாள். வகுப்பில் படங்களை மாட்டி வைத்துப் பேசும் நாட்களில் மட்டும் அஞ்சுகத்துக்கு அடிவயிறு காந்தும்.

"அஞ்சுகத்தோட படத்துல அனுபவம் இருக்கு" என்பார் பேராசிரியர். "மாளவிகாவோட படத்துல சிந்தனை இருக்கு."

அதாவது இவளுக்கு உடம்பு மட்டும், அவளுக்குத் தலை மட்டும் கடவுள் கொடுத்திருக்கிறார். ஆப்பிளை வரைந்தாலும் மாளவிகாவுடையது தத்துவம். மரணத்தையே வரைந்தாலும் அஞ்சுகத்துடையது வியாசர்பாடி.

அஞ்சுகத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. நிழலைத்தான் முதலில் போடுவாள். ஆளை அப்புறம்தான் நிறுத்துவாள். சின்ன வயதில் தண்ணீருக்கு இடம் பிடிக்க வரிசையில் குடத்தோடு உட்காரவைத்துவிட்டு அம்மா வேலைக்குப் போய்விடுவாள். வெயிலுக்குப் பயந்து தலையைக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தரையில் நிழல்கள்தான் தெரியும். முதலில் நிழல் வரும், பிறகுதான் அது எந்த அத்தை, எந்தப் பெரியம்மா என்று நிமிர்ந்து பார்ப்பாள். வரையும்போதும் கை அந்த வழியில்தான் போனது.

நான்கு மணிக்கு அவள் பிரியாணிக் கடையில் பொட்டலம் கட்டப் போக வேண்டும். நிழல்களைப் போட்டு முடிக்கவே மூன்றே முக்கால் ஆகிவிடும். அதனால் அவளுடைய தாள்களில் பாதி, ஆளே வராமல் நிழலோடு நின்றுபோனவை.

அப்படி ஒரு நாள் அவள் கிளம்பும்போது மாளவிகா மேசையருகே வந்து நின்றாள். தாளின் மேல்பாதியைக் கையால் மூடிப் பார்த்தாள்.

"ஏய், இதுக்கு மேல இதத் தொடாதடி. முடிஞ்சிடுச்சு."

"இன்னாடி முடிஞ்சிச்சு? இன்னும் ஒரு ஆளு கூட வரல."

"ஆள் வேண்டாம்டி. ஆளைப் போட்டா அது அவங்களோட வெயிலாயிடும். போடலைன்னா பாக்கறவங்களோட வெயில்."

"வெயில்ல ஒரு நாளு வந்து குந்து. யாரோட வெயிலுன்னு தெரியும். நகரு, எனக்கு ஷிப்டுக்கு லேட்டாவுது."

அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுதான் நடந்தது என்று அஞ்சுகம் எட்டு வருடமாகத் தன்னிடமே சொல்லி வந்தாள். மறுநாள் அவள் உட்கார்ந்து அந்தத் தாளில் பன்னிரண்டு பெண்களை நிறுத்தினாள். வகுப்பில் எல்லோரும் 'பாவம்' என்ற முகத்தோடு பார்த்தார்கள். அப்போதும் மாளவிகா மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பிதுக்கலைத்தான் அஞ்சுகத்தால் இன்றைக்கு வரைக்கும் செரிக்க முடியவில்லை.

*

வேர் ஆணையத்தில் தொப்பி மாட்டும் வேலை பிலோமினாவுடையது. தூத்துக்குடிக்காரி, அஞ்சுகத்தின் வயதுதான் இருக்கும். ஆட்சேபணை மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எம்மா, மாளவிகா சேஷன் மேலயா? அவங்க பெரிய ஆளுல்லா."

"பெரிய ஆளுன்னா எடுக்கமாட்டாங்களா?"

"எடுக்காம யாரு இருக்கா? நான் அதச் சொல்லல. அவங்க தலைய நான்தான் பாத்தேன். தொடச்சு வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு. உங்க பேரே வரல."

"ரெண்டரை வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம். எப்படி வராது?"

பிலோமினா கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். "களை எடுத்திருப்பாங்க. அதுக்குன்னு ஆஸ்பத்திரி இருக்கு. படம் எந்த ஆள்ட்டருந்து வந்துச்சோ அந்த ஆளைத் தலையிலருந்து எடுத்துருவாங்க. எடுத்துட்டு வந்து தொப்பியில உக்காந்தா ஒண்ணும் வராது. சட்டத்துல தப்பில்ல, பாத்துக்கிடுங்க. தலையில இருக்கத சொல்லணும்னுதான் சட்டம். இல்லாதத எப்படிச் சொல்ல?"

"ஆளையேவா?"

"கோட்ட மட்டும் தனியா எடுக்க முடியாதாம். ஆளை எடுத்தாத்தான் வேர் போவும்."

அஞ்சுகம் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திருடினாள் என்றால் சண்டை போடலாம். மறந்துவிட்டாள் என்றால் என்ன செய்வது? தான் எட்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அவளை நினைத்துக்கொண்டு எரிந்திருக்கிறோம். அவளுக்கு ஒரே மதியத்தில் வேலை முடிந்துவிட்டது. இதிலும் அவளுக்குத்தான் சுலபம்.

"என் தலைல இருக்குதே" என்றாள். "அது சாட்சி ஆவாதா?"

"ஆவும். ஆனா ஒண்ணு. தொப்பி காட்சியத்தான் எடுக்கும். சத்தம் வராது. எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லும், எதுக்கு வந்துச்சுன்னு சொல்லாது. அத ஆணையர்தான் கேப்பாரு."

*

விசாரணை நாளில் காத்திருப்பு அறையில் ஒருத்திதான் இருந்தாள். மாளவிகா இளைத்திருந்தாள். அஞ்சுகம் உள்ளே வந்ததும் பட்டென்று எழுந்து நின்று கும்பிட்டாள். தெரியாதவரைக் கும்பிடுகிற கும்பிடு.

"நீங்கதான் அஞ்சுகமா? உக்காருங்க."

நீங்களாம். அஞ்சுகம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மனுவைப் படிச்சேன்" என்றாள் மாளவிகா. "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். எனக்குத் தெரியலை. மூணாவது வருஷம் விடுதியில யாரோட தங்கினேன்னு யோசிச்சா ஒரு காலிக் கட்டில்தான் ஞாபகம் வருது."

"அந்தக் கட்டில்ல நான் படுத்திருந்தேன்."

"நாம ஃப்ரெண்ட்ஸா?"

அஞ்சுகத்துக்கு இந்தக் கேள்விக்கு ஆயத்தம் இல்லை. நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கவென்று எத்தனையோ வசனம் மனப்பாடம் செய்து வந்திருந்தாள். அதில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"என் சட்டையப் போட்டுக்கினு உங்க அப்பா அம்மாவப் பாக்கப் போவ நீ" என்றாள் கடைசியில்.

மாளவிகா லேசாகச் சிரித்தாள். சிரிப்பு உடனே போய்விட்டது. "அந்தப் படத்துக்கப்புறம் எனக்கு எதுவும் வரலைங்க. நிழல் போடறேன், நிழலாத்தான் இருக்கு. ஏன் ஆள் இல்லாம வரைஞ்சேன்னு பேட்டியில கேப்பாங்க. வாய்க்கு வந்ததச் சொல்வேன். அப்ப நான் ஏதாவது சொல்லியிருப்பேன் இல்ல? ஏன்னு? உங்ககிட்டயாவது?"

ஆளைப் போட்டா அது அவங்களோட வெயிலாயிடும்.

உலகத்தில் இப்போது அந்த வரி இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அஞ்சுகத்தின் தலை. சொன்னவளுக்கே தெரியாது. நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள் மாளவிகா மெல்ல. "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குப் பொறாமையா இருக்கு."

அந்த வார்த்தையை மாளவிகாவின் வாயிலிருந்து கேட்க அஞ்சுகம் எத்தனை வருடம் காத்திருந்தாள். வந்ததும் இனிக்கவில்லை. இவளுக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியவில்லை, இவ்வளவு மரியாதையாகவா பொறாமைப்படுவார்கள் என்றுதான் தோன்றியது.

*

ஆணையர் கோதண்டம் நல்ல மனிதர்தான். யாரையும் நோகடிக்காத குரல். பிலோமினா அஞ்சுகத்தின் தலையில் தொப்பியை மாட்டினாள். திரையில் விடுதி அறை வந்தது. மேசை, தாள், நிழல்கள், ஓடுகிற ஒரு கறுத்த கை. பிறகு இன்னொரு பெண் வந்தாள். தாளின் மேல்பாதியில் உள்ளங்கையை வைத்து மூடினாள். அவள் வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

மாளவிகா திரையிலிருந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுக் கல்யாண வீடியோவில் தெரியாத்தனமாக விழுந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல.

"நிழல் அஞ்சுகத்துடையதுதான். சந்தேகமில்லை" என்றார் ஆணையர். "ஆனால் இந்தப் படத்தின் பெருமையே ஆள் இல்லாததில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு கேள்வி. திரையில் நாம் பார்க்கும் தாள் முடித்த படமா, முடிக்காத படமா?"

அஞ்சுகம் திரையில் நின்ற தாளைப் பார்த்தாள்.

"ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் ஆளைப் போடாமல் விட்டது யோசித்து விட்டதென்றால் அந்த எண்ணமும் உங்களுடையது. மாளவிகாவின் சான்று ரத்தாகும். நடு மண்டபம் உங்களுக்கு. நேரமில்லாமல் விட்டதென்றால், அங்கே நிறுத்தலாம் என்று கண்டுகொண்டது அவர். நிழல் மட்டும் உங்களுடையது. அது நூற்றுக்கு எட்டு. பத்துக்குக் கீழே. அவர் சான்று நிற்கும்."

"மறுநாளு அதே தாள்ல ஆளுங்களப் போட்டேனே, அது தொப்பில வரலையா?"

"மனுவில் சொன்ன நாளை மட்டும்தான் பார்ப்போம்" என்றார் ஆணையர். "நீங்கள் சொல்வதுதான் பதிவு."

அப்படியென்றால் இவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு பெண்களை நிறுத்திய அந்த மறுநாள் தொப்பிக்குத் தெரியாது. இப்போது அவளே உளறியதைக்கூட ஆணையர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் சொல்வதுதான் நடந்தது.

உண்மை எளிமையானது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அதில் தத்துவம் எதுவும் இல்லை. பிரியாணிப் பொட்டலம்தான் இருந்தது. ஆனால் அந்த உண்மையைச் சொன்னால், அந்தத் தாளில் தான் பார்க்காத ஒன்றை மாளவிகா பார்த்தாள் என்றாகிவிடும். நிழலோடு நிறுத்திய படம்தான் பெரிய படம், பன்னிரண்டு பெண்களை நிறுத்தியது அதைக் கெடுத்தது என்றாகிவிடும். எட்டு வருடமாக அவளுக்கு உள்ளூரத் தெரிந்ததும் அதுதான். அவள் பொறாமைப்பட்டது திருட்டைப் பார்த்து அல்ல. அந்தக் கண்ணைப் பார்த்து.

மாளவிகா அவளையே பார்த்தாள். கெஞ்சவில்லை. தெரிந்துகொள்ளத்தான் காத்திருந்தாள். தன் வாழ்க்கையில் என்ன நடந்ததென்று இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொள்ள.

"முடிச்ச படம்" என்றாள் அஞ்சுகம். "யோசிச்சுத்தான் விட்டேன்."

மாளவிகா தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். "மன்னிச்சிடுங்க" என்றாள். "எனக்குத் தெரியாது."

அஞ்சுகத்துக்கு ஓங்கி அறையவேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

*

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 'ஆளில்லாப் பகல்' நடைவழிக்குப் போனது. மாளவிகா என்ற பெயர் இரண்டு வாரம் எல்லோர் வாயிலும் நாறிவிட்டு மறைந்தது. அஞ்சுகத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேக் வெட்டினார்கள். அம்மா தெருவில் எல்லோருக்கும் சொன்னாள். "எம் பொண்ணோடத எடுத்துக்கினாங்க. இவ வுடல."

முதல் பேட்டியில் ஒரு பெண் கேட்டாள். "உங்க படம் ஏன் இவ்வளவு ஆழமா இருக்கு? ஓவியம்னாலே அதுல தத்துவம் இருந்துதான் ஆகணுமா?"

"அதெல்லாம் கிடையாது" என்று தொடங்கினாள் அஞ்சுகம். "கை வரையுது. வயித்துக்கு வேற வேல இருக்குது. பாக்கறவங்களுக்கு நேரம் இருந்தா தத்துவம் சொல்லிக்கிறாங்க."

பேட்டியெடுத்தவளின் முகம் சப்பென்று ஆனது. அஞ்சுகம் அந்த முகத்தை வகுப்பில் பலதடவை பார்த்திருக்கிறாள். அனுபவம் என்று எழுதிக்கொள்ளப் போகிற முகம்.

"ஆனா ஆள் வேணாம்னு ஏன் முடிவெடுத்தேன்னா" என்றாள். குரல் தானாகவே மாறியது. "ஆளைப் போட்டா அது அவங்களோட வெயிலாயிடும். போடலைன்னா பாக்கறவங்களோட வெயில்."

எதிரில் இருந்தவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்தாள். அஞ்சுகத்தை அப்படி யாரும் பார்த்ததில்லை. இத்தனை நாள் அந்தப் பார்வையெல்லாம் அறையின் மறுபாதிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வரி எல்லா இடத்திலும் வந்தது. கூட்டங்களில் அதைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். சொல்லச் சொல்ல அது உண்மையாகவும் ஆனது. அவள் புதிதாக வரைந்த படங்களில் ஆட்கள் குறைந்தார்கள். நிழலைப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பாள். மேல்பாதியைக் கையால் மூடிப் பார்ப்பாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று இப்போது தெரிந்தது. வாழ்க்கையிலேயே நல்ல ஆறு படங்களை அந்த வருடம்தான் வரைந்தாள்.

ஆறையும் தூக்கிக்கொண்டு ஆணையத்துக்குப் போனாள். பிலோமினா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சீட்டை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எவ்ளோ?"

"எழுவத்தாறு."

"யாரு?"

"எல்லாம் ஒரே ஆள்தான்" என்றாள் பிலோமினா. "ஆறு படத்துலயும் அதே விடுதி ரூம்தான் வருது. அந்தக் கை வந்து தாள மூடுது. வாய் அசையுது." குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு அவங்க என்னதான் சொன்னாங்க?"

அஞ்சுகம் அவளைப் பார்த்தாள். "ஞாபகம் இல்ல."

"சரி. நான் கேக்கல." பிலோமினா சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இத இப்பப் பதிஞ்சா ஆறும் நடைவழிக்குப் போவும். பழைய வழக்கையும் தோண்டுவாங்க. ஒரு மாசம் தள்ளிப் போடலாம், சட்டத்துல இடமிருக்கு. அதுக்குள்ள என்ன செய்யணுமோ நீங்க முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

*

ஆஸ்பத்திரி சுத்தமாக இருந்தது. மல்லிகைச் செடி வைத்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நிரப்பினாள், சத்துணவுக்கு ஆள் கணக்கெடுப்பதுபோல.

"எடுக்க வேண்டிய ஆளோட பேரு?"

"மாளவிகா."

"எத்தன வருஷப் பழக்கம்?"

"ரெண்டரை." பிறகு திருத்தினாள். "பதினொண்ணு."

பார்க்காமலே இருந்த வருடங்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வருடங்களில்தான் அவள் அதிகம் இருந்தாள்.

"முழுசாப் போயிடும்மா. சாப்பிட்டது, சிரிச்சது, சண்ட எல்லாம். அப்புறம் வந்து கேட்டா எங்களால திருப்பித் தர முடியாது. சில பேர் அழுவறாங்க, அதனால சொல்றேன்."

"அவங்க சொன்ன வார்த்தையும் போயிடுமா?"

"அவங்க சொன்னாங்கன்றது போயிடும். நீங்க நிறைய தடவ சொல்லியிருந்தீங்கன்னா வார்த்தை நிக்கும். உங்களோடதா நிக்கும்."

அஞ்சுகம் வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவு நேர்த்தியான திருட்டு. திருடியவளுக்கே தெரியாது.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?" பேனா ஒரு கட்டத்தின் மேல் நின்றது.

தட்டில் பாதி, சட்டையில் பாதி, மேசையில் பாதி. ஒரே ஒரு தடவை தன் படத்தில் தான் பார்க்காததைப் பார்த்தவள். அதற்காக அவளை எட்டு வருடம் சபித்தாயிற்று, ஒரு பொய்யால் கவிழ்த்தாயிற்று. அந்த மேசையருகே என்ன நடந்தது என்று தெரிந்த கடைசி ஆள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இவளும் மறந்தால், அப்புறம் அது நடக்கவே இல்லை. எழுந்து போய்விடலாம். ஆறு படங்களும் நடைவழியில் தொங்கும். சீட்டில் மாளவிகா என்று இருக்கும். அவள் படித்துப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்குவாள்.

அந்தப் பிதுக்கல்தான் முடிவு செய்தது.

"உறவெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் அஞ்சுகம். "எழுதிக்கோங்க."

*

ஆறு படங்களும் நடு மண்டபத்தில் ஏறின. திறப்பு நாளன்று பகலில் நல்ல கூட்டம். அஞ்சுகம் எல்லோரிடமும் சிரித்தாள், வெயிலைப் பற்றிய தன் வரியைச் சொன்னாள், கைதட்டல் வாங்கினாள். மனது லேசாக இருந்தது. எதற்காகவோ பல வருடம் கோபமாக இருந்ததுபோல ஒரு தடம் மட்டும் இருந்தது, மோதிரத்தைக் கழற்றிய விரல் மாதிரி.

முகம் கழுவ நடைவழியில் நடந்தபோது, அங்கே மாட்டியிருந்த பெரிய படம் ஒன்றின் முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். யாரோ தன்னைக் காப்பியடித்து வரைந்த படம் அது, வழக்கெல்லாம் நடந்தது என்று அஞ்சுகத்திடம் காகிதங்களைக் காட்டியிருந்தார்கள். படித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள்.

காலடிச் சத்தம் கேட்டு அந்தப் பெண் திரும்பினாள். முகம் மலர்ந்தது.

"அஞ்சுகம், வாழ்த்துகள். உள்ள ஆறையும் பார்த்தேன். ரொம்ப நல்லா இருக்கு."

"தேங்க்ஸுங்க" என்றாள் அஞ்சுகம்.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். அன்னைக்கு ரூம்ல கேட்டேனே..." சொல்லிக்கொண்டே வந்தவள் அஞ்சுகத்தின் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"எந்த ரூம்லங்க? நீங்க யாருன்னு..." அஞ்சுகம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "நிறைய பேரப் பாக்கறேன், அதான்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். கோபமில்லை. ஏதோ ஒரு கதவு தன் கண்முன்னாலேயே மூடிக்கொண்டதைப் பார்க்கிறவள் போல இருந்தாள். பிறகு தலையசைத்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. பெரிசா ஒண்ணுமில்ல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகும்முன் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். ஒரே பார்வை, மேலிருந்து கீழே. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அந்தப் பார்வை நின்றது. பிறகு வாசலை நோக்கி நடந்தாள்.

அஞ்சுகத்துக்குத் திடீரென்று வயிறு காந்தியது. காலையில் சாப்பிட்டாள்தான். மண்டபத்திலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி. அவள் திரும்பவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே இறங்கிய அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் யார், எந்த ஊர், என்ன செய்கிறாள், எதுவும் தெரியாது. அவளிடம் இருக்கும் ஏதோ ஒன்று தனக்கு வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.